நீல நூல் முடிச்சு

மார்ச் 4

சைலன்சர் கழன்ற என் தம்பிக்கு,

நலமா என்று கேட்டால் "உனக்கென்ன?" என்பாய். அதனால் கேட்கவில்லை. நான்கு முறை போன் செய்தேன், நான்கு முறையும் வெட்டிவிட்டாய். காகிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழிக்கலாம். கிழித்தாலும் உன் வீட்டுக்காரி ஒட்டிவைத்துப் படித்துக் காட்டுவாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

வந்து ஒன்பது நாள் ஆகிறது. பயிற்சி நிலையம் ஒரு பழைய கிடங்கு. கூரைத் தகரம் வெயிலில் சடசடக்கும். ஆனால் தரையைப் பார்த்தால் கீழே விழுந்த சோற்றை எடுத்துச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். வகுப்பில் இருபத்திரண்டு பேர். என்னைத் தவிர எல்லாருக்கும் மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. முதல் நாள் உள்ளே போனதும் ஒருத்தன் வாளியை என் பக்கம் நகர்த்தி, "அக்கா, அந்த மூலையில எண்ணெய் கொட்டியிருக்கு, முதல்ல அதத் துடைச்சிடுங்க" என்றான். துடைத்தேன். துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவன் முகம் போன போக்கு இருக்கிறதே!

பாடம் நடத்துகிறவருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவு. மீட்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எதைச் சொன்னாலும் "அளந்தீங்களா?" என்பார். "சார், டீ ஆறிப்போச்சு" என்றாலும் அளந்தீங்களாதான்.

டயக்னாஸ்டிக் டெக்னீஷியன் என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். வண்டிக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கிற ஆள், அவ்வளவுதான். நம் பட்டறையில் நாம் மருந்திலிருந்து ஆரம்பிப்போம். இதை மாற்று, அதை மாற்று, எதை மாற்றினதும் ஓடுகிறதோ அதுதான் நோய். இங்கே அப்படிச் சொன்னால் அடிக்க வருகிறார்கள்.

ஸ்கேனர் என்று ஒரு பெட்டி. வண்டியில் செருகினால் குறை இன்னது என்று எண்ணாகச் சொல்லும். அதன் எழுத்து எனக்குப் புரியவில்லை. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு படம் போட்டு வைத்திருக்கிறேன். காற்று சென்சாருக்கு மூக்கு. வெப்ப சென்சாருக்கு உன் முகம்.

டாக்ஸிக்காரர் முன்னாலும் பேட்டரிக் கடைக்காரர் முன்னாலும் நீ சொன்னாயே, "எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ எஞ்சினப் படிக்கப் போறாளாம்" என்று. அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதினேன்.

உன் அக்கா


மார்ச் 17

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி எங்கே? பத்தாம் நம்பர் ஸ்பேனர் இரண்டும் எங்கே? உன் நீல நூல் உருண்டையையும் காணோம். வயரைச் சுற்றி டேப் ஒட்டினால் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடுகிறது, நுனியைக் கட்ட நூல் வேண்டும். கொண்டுபோகிறவள் சொல்லிவிட்டுக் கொண்டுபோக வேண்டாமா?

உன் இடத்துக்கு ஓர் ஆளைப் போட்டேன். நல்ல திடகாத்திரம். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டான், உள்ளே போனது, வெளியே வரவில்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றி எடுத்தோம். மறுநாள் அவன் வரவில்லை. பதினான்கு வருடமாக அந்த வேலையை உன் கைதான் செய்தது. அது உனக்கும் தெரியும். தெரிந்துதான் போயிருக்கிறாய்.

அன்றைக்கு நான் சொன்னது சூட்டில் வந்த வார்த்தை. நாலு பேர் முன்னால் நீ மட்டும் என்ன சொன்னாய்? "என் தம்பி கழட்டுறதுல கெட்டிக்காரன், மாட்டுறதுக்குத்தான் ஆள் வேணும்" என்றாய். டாக்ஸிக்காரர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

நாற்பத்தேழு வயதில் பள்ளிக்கூடம் எதற்கு? ஜன்னல் ஓரம் உன் நாற்காலி அப்படியே கிடக்கிறது. யாரையும் உட்கார விடவில்லை.

தம்பி


ஏப்ரல் 21

நாற்காலிக்குக் காவல் இருக்கிற தம்பிக்கு,

கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது, நூலும்தான். ஸ்பேனர் இரண்டும் உன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பார். நீ வைத்ததை நீ தேடுகிற வழக்கம் நம் வீட்டில் எப்போது இருந்தது?

சோப்புத் தண்ணீர் கதையை வகுப்பில் சொன்னேன். மீட்டர் ஐயாவே சிரித்துவிட்டார். பிறகு, "கை மாட்டுறதுக்கு முன்னாடி சந்து எவ்வளவுன்னு அளந்தாங்களா?" என்றார்.

எழுத்துத் தேர்வு முடிந்தது. தேற நாற்பது வேண்டும், நான் நாற்பத்தொன்று. அந்த ஒரு மதிப்பெண் உபரி என்று பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன். இனி ஜூனில் வண்டித் தேர்வு. வண்டியில் அவர்களே ஒரு குறையை ஒளித்துவைப்பார்கள், அளந்து கண்டுபிடித்து எழுதித் தர வேண்டும். அதில் தேறினால் சான்றிதழ். பஸ் டிப்போவில் ஆள் கேட்டிருக்கிறார்கள், அதற்கும் சொல்லிவைத்துவிட்டேன். நீ முகத்தைச் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் வயர் பாடம். அறுந்த வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால், பார்க்க நன்றாக இருக்கும், இரண்டு மூன்று வருடம் ஓடவும் செய்யும், உள்ளே செம்புக் கம்பியில் மட்டும் பச்சை பூத்துக்கொண்டே போகும் என்றார் மீட்டர் ஐயா. ஈயம் வைத்துப் பற்றவைக்காத முறுக்கு, வண்டிக்காரனுக்கே தெரியாமல் அவனிடம் திருடுவது மாதிரியாம். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. எனக்குக் காது சுட்டது. நாம் எத்தனை வண்டியில் முறுக்கியிருப்போம் தம்பி? எண்ண ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

உன் வீட்டுக்காரியிடம் சொல், அவள் அனுப்பின தலையணை உறை நன்றாக இருக்கிறது.

அக்கா


ஜூன் 14

தம்பி,

இந்தக் கடிதத்தில் கிண்டல் குறைவாக இருக்கும், பொறுத்துக்கொள். வண்டித் தேர்வில் நான் திருட்டு வேலை செய்ததாகச் சொல்லிவிட்டார்கள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தேர்வுக்கு நிறுத்தியிருந்தது பச்சை பெயின்ட் அடித்த ஒரு வேன். பழைய வண்டிகளை இங்கே வாங்கிப்போட்டுப் பாடம் நடத்துவார்கள். எஞ்சின் திணறியது. காற்று சென்சார் பிளக்கில் ஒரு முள்ளைப் பின்னுக்கு இழுத்துவைத்திருந்தார்கள். பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டேன். சரிசெய்தேன், டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்தது. காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அதுதான் புத்திசாலி செய்வது.

ஆனால் கை அரித்தது. வைப்பரைப் போட்டு, ஹெட்லைட்டையும் போட்டுப் பார்த்தேன். எஞ்சின் மறுபடி லேசாக மூச்சுவாங்கியது. எர்த் வயரில் வோல்ட் மீட்டரை வைத்தால், புள்ளி ஒன்றுக்குமேல் காட்டக் கூடாத இடத்தில் புள்ளி ஆறு. எங்கேயோ வயர் சரியில்லை. ஒவ்வோர் அடியாக அளந்துகொண்டே டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். விரலில் ஒரு முடிச்சு தட்டியது. கண் பார்ப்பதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, நுனியை உள்ளே செருகி. கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். நீல நூல்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உன் அக்காவுக்கு அந்தப் பழக்கம் ஏது? சந்தோஷத்தில் கிடங்கே அதிர, "அய்யோ, இது நான் கட்டினதாச்சே!" என்று கத்திவிட்டேன்.

தேர்வாளர் வெளியூர்க்காரர். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அவர்கள் ஒளித்துவைத்தது ஒரே குறை. வாங்கும்போது வயரிங் ஒழுங்காக இருந்ததாக ஏட்டில் இருக்கிறது. இரண்டாவது குறை எங்கிருந்து வந்தது? என் பையைக் கொட்டச் சொன்னார். கொட்டினேன். முதலில் உருண்டு வந்தது எது தெரியுமா? நூல் உருண்டை. கூடுதல் பேர் வாங்குவதற்காக நானே வயரை வெட்டிக் கட்டிவிட்டுக் கண்டுபிடித்ததுபோல் நடித்தேனாம்.

"நான் கட்டினது எட்டு வருஷத்துக்கு முன்னாடிங்க" என்றேன். "அப்படியா? எந்த ஊர்ல, எந்த வண்டியில, யார் சாட்சி?" என்றார்.

தம்பி, அது ரொட்டிக்காரர் வேன். பச்சைக்குக் கீழே உரசிப் பார்த்தேன், வெள்ளை இருக்கிறது. பின்கதவில் தட்டுகள் இடித்த பள்ளம் இருக்கிறது. ரொட்டித் துணுக்குக்கு வந்த எலி எர்த் வயரைக் கடித்ததே, அந்த வேன். ரொட்டிக்காரர் இப்போது இல்லை. இருக்கிற சாட்சி நீ ஒருவன்தான்.

ஜூன் 30 விசாரணை. அன்றைக்குள் நிரூபிக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். மறுபடி எந்த நிலையத்திலும் சேர முடியாது. நீ ஒரு கடிதம் எழுதினால் போதும். எட்டு வருடத்துக்கு முன் உன் பட்டறையில் அந்த வேனில் அந்த இடத்தில் வயர் முறுக்கிக் கட்டியது உண்மை என்று நாலு வரி.

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

நாலு வரி என்று சுலபமாகச் சொல்கிறாய். திருட்டுக்குச் சமம் என்று உன் வாத்தியார் சொன்ன வேலையை என் பட்டறையில் செய்தோம் என்று நானே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அப்படித்தானே? அந்த நிலையத்திலிருந்து வெளியே வருகிற இருபது பேரும் இருபது ஊருக்குப் போவான்கள். போகிற இடமெல்லாம் என் பட்டறைப் பெயர் போகும். வாசலில் பலகை மாட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இன்றைக்கு நானே ஏணி வைத்து ஏறி அதில் கரி பூச வேண்டுமா?

அந்த வேன் எனக்கு நினைவில்லை. எத்தனையோ வண்டி வருகிறது போகிறது. அன்றைக்குக் கொட்டுகிற மழையில் அந்த ஆள் ரொட்டி நனைகிறது நனைகிறது என்று ஹாரனை அமுக்கிக்கொண்டே நின்றானே, அவனை வைத்துக்கொண்டு யார்தான் ஒழுங்காக வேலை செய்ய முடியும்?

நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இது வந்திருக்காது. வந்ததும் ஒருவிதத்தில் நல்லதுக்குத்தான். பெயரை அடித்தால் அடிக்கட்டும். உனக்கு அவர்கள் சான்றிதழ் எதற்கு? இங்கே உன்னை யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்? வந்துவிடு. நாற்காலி இருக்கிறது. டாக்ஸிக்காரர்கூட "அக்கா எப்போ வராங்க?" என்று கேட்கிறார். சண்டையை நானும் மறந்துவிடுகிறேன்.

தம்பி


ஜூன் 22

மறதிக்காரத் தம்பிக்கு,

வேன் நினைவில்லை, மழை நினைவிருக்கிறது. ரொட்டி நனைந்தது நினைவிருக்கிறது. ஹாரன்கூட இன்னும் காதில் கேட்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனைப் பார்த்திருக்கிறேன். சோறே போடாமல் மறைத்தவன் நீ ஒருவன்தான்.

உன் கடிதத்தை மீட்டர் ஐயா பார்த்தார். மேசையில் அதை மடித்து வைத்திருந்தேன். உறையில் பட்டறை முத்திரையைப் பார்த்ததும், "சாட்சி வந்திருச்சா? குடுங்க, நிலைய முதல்வர்கிட்ட சேத்துடறேன்" என்றார். என் பக்கம் பேசுகிற ஆள் இங்கே அவர் ஒருவர்தான். யோசித்துப் பார். மழை என்கிறாய், ஹாரன் என்கிறாய், அவனை வைத்துக்கொண்டு வேலை செய்ததாகவும் சொல்கிறாய். உன் கையெழுத்தும் கீழே இருக்கிறது. இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் அன்றைக்கே என் வழக்கு முடிந்தது.

வைக்கவில்லை. "இது வீட்டுக் கடிதம் சார்" என்று சொல்லி எடுத்து வைத்துக்கொண்டேன். இதோ, இந்த உறைக்குள்ளேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள். நீ கோபத்தில் தவறவிட்ட வார்த்தையைப் பொறுக்கி எடுத்து எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டாம். சொல்வதாக இருந்தால் நீயாகச் சொல்ல வேண்டும்.

நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இரண்டு விஷயம் மாறாது.

முப்பதாம் தேதி நான் அந்த அறைக்குள் போவேன். "கெட்ட வேலை என்னோடது. எட்டு வருஷம் கழிச்சு அத அளந்து பிடிச்சதும் நான்தான். ரெண்டையும் எழுதிக்கோங்க, ஒண்ண மட்டும் எழுதாதீங்க" என்பேன். நம்பினால் நம்பட்டும். நம்பாவிட்டால் வாசலில் நின்று இன்னொரு தரம் சொல்வேன். என் தொண்டையைப் பற்றி உனக்குத் தெரியாததா?

இன்னொன்று அந்த நாற்காலி. பதினான்கு வருடம் அதில் உட்கார்ந்து, நீ கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து வந்து, உன் கை போகாத இடத்தில் என் கையை விட்டேன். வண்டி சரியானதும் வண்டிக்காரர் உனக்குத்தான் கைகொடுப்பார். ஒருநாளும் நான் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். என் பெயரை அடித்துத் துரத்தினாலும் அந்த நாற்காலிக்கு வர மாட்டேன். பஸ் டிப்போவில் வண்டி கழுவுவேன். கழுவிக்கொண்டே எஞ்சின் சத்தம் கேட்டு எது நோயாளி என்று கத்திச் சொல்வேன். அதற்குச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள்.

நாற்காலியில் உன் வீட்டுக்காரியை உட்காரச் சொல். அவளுக்கு முட்டி வலி.

அக்கா


ஜூன் 26

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். என் கடிதத்தை ஒரு தரம் படித்தேன், அதற்குமேல் முடியவில்லை.

என் வீட்டுக்காரியும் இரண்டையும் படித்தாள். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி அந்த லெட்டர திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்களா இருந்தா அனுப்பியிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ரொட்டிக்காரர் வேனுக்குச் செய்த வேலையை எழுதின நோட்டு பரணில் கிடைத்தது. எலி தின்றது போக வண்டி நம்பரும் தேதியும் மிச்சம். அது போதாது என்று தோன்றியது. நம் சொந்தக் காரிலும் அதே வருடம் டேஷ்போர்டுக்கு அடியில் நீ ஒரு முடிச்சுப் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அதை வெட்டி எடுத்தேன். மூன்று மணி நேரம். முழங்கை வரை தோல் உரிந்துவிட்டது, சோப்புத் தண்ணீரும் செலவானது. பதினான்கு வருடம் நீ எப்படி அங்கே கையை விட்டாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நோட்டின் அந்தத் தாளையும் முடிச்சையும் ஒரு கடிதத்தோடு முதல்வருக்கே நேராக அனுப்பிவிட்டேன். உன் கையில் கொடுத்தால் எனக்காக இரண்டு வரியை அடித்துவிடுவாய். நகல் கீழே.

"ஐயா, நான் வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். உங்களிடம் படிக்கும் பெண்மணி என் அக்கா. எட்டு வருடத்துக்கு முன் உங்கள் வேனில் எலி கடித்த எர்த் வயரை என் பட்டறையில்தான் கட்டினோம். அக்கா ஈயம் வைத்துப் பற்றவைக்க வேண்டும் என்றாள். பற்றவைக்கிற இரும்பைச் சூடுபண்ணப் பிளக்கையும் செருகிவிட்டாள். 'முறுக்கிக் கட்டு, ஆள் நிக்கிறான்' என்று சொல்லிப் பிளக்கைப் பிடுங்கியவன் நான். கட்டிய கை அவளுடையது. கெட்ட வேலை என்னுடையது. இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். கூட அனுப்பியிருக்கும் முடிச்சு அதே வருடத்து முடிச்சு. உங்கள் வேனில் உள்ளதோடு வைத்துப் பாருங்கள். இதைக் கேட்டு என் பட்டறைக்கு யாரும் வராமல் போனால் போகட்டும். என் அக்காவைத் திருடி என்று ஏட்டில் எழுதக் கூடாது."

அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வெட்டின இடத்தை எப்படிச் சேர்ப்பது? நான் முறுக்கிக் கட்டிப் பார்த்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

தம்பி


ஜூலை 2

முழங்கை உரிந்த என் தம்பிக்கு,

முதலில் களிம்பு போடு. நீ போட மாட்டாய், உன் வீட்டுக்காரியிடம் சொல்.

முப்பதாம் தேதி அறையில் ஐந்து பேர். முதல்வர் உன் கடிதத்தை உரக்கப் படித்தார். "பிளக்கைப் பிடுங்கியவன் நான்" என்ற இடத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அதை நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. உன் வாயிலிருந்து வந்துவிட்டது, இனி என்ன செய்ய?

மீட்டர் ஐயா இரண்டு முடிச்சையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மேலே இரண்டும் சூட்டில் வெளுத்துச் சாம்பல் நிறம். ஒரு சுற்றுப் பிரித்தால் அடியில் இரண்டும் நீலம். வயருக்குள் இரண்டிலும் பச்சை. என் உருண்டையிலிருந்து புது நூலை அறுத்து மூன்றாவதாக வைத்தார். தேர்வாளரைப் பார்த்து, "ஒரு நாளில் இவ்வளவு பச்சை பூக்குமா சார்? அளந்தீங்களா?" என்றார். இருபத்தொரு மீசைகளும் ஜன்னலுக்கு வெளியே நின்று கைதட்டின. வாளியை நகர்த்தினவன்தான் முதலில் தட்டினான்.

தேறிவிட்டேன். நேரம் தாண்டியதற்குப் பத்து மதிப்பெண் கழித்திருக்கிறார்கள். ஒளித்துவைக்காத குறையைக் கண்டுபிடித்ததற்கு நேரம் கொடுக்க வேண்டாமா? அதை எதிர்த்து மனு கொடுத்திருக்கிறேன். "தேறிட்டீங்களே, இன்னும் எதுக்கு?" என்கிறார் முதல்வர். என் பத்தை நான் விட மாட்டேன்.

பதினைந்தாம் தேதி பஸ் டிப்போவில் சேருகிறேன். அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறேன். நாற்காலிக்கு இல்லை, வண்டிக்கு. நீ முறுக்கினதை மேற்கொண்டு தொடாதே, நோயாளி பாவம். ஈயத்தை எடுத்து வை, இரும்பைச் சூடாக்கி வை. இந்த முறை பிளக்கில் கை வைத்தால் அந்தக் கைக்கும் ஈயம்தான். அந்த வேலை முடிந்ததும் பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கு. நாம் முறுக்கின வண்டிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். வண்டிக்காரர்களிடம் நீ பேசு, உன் சத்தத்துக்கு அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். லீவு நாளெல்லாம் நான் வந்து பற்றவைக்கிறேன். கைகொடுக்க வருகிறவர்களை இந்த முறை என் பக்கம் அனுப்பு.

இன்னொன்று. நான் வரும்போது டாக்ஸிக்காரரையும் பேட்டரிக் கடைக்காரரையும் வரச்சொல்லி வை. அவர்கள் காதில் விழ, "டெக்னீஷியன் வந்திருக்காங்க, வழி விடுங்க" என்று சொல்ல வேண்டும். உன் வழக்கமான சத்தத்தில் சொன்னால் போதும். அதற்குப் பிறகு அக்கா என்று கூப்பிடு.

சான்றிதழ் கையில் இருக்கிறது. கொடுத்தவர் நீட்டிக்கொண்டே நின்றார், பின்னால் வரிசை நின்றது. அங்கேயே, அவர் முன்னாலேயே, என் பெயரை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

அக்கா